முதல் சூடு: கிளிநொச்சியில் ஒரு 4ஏ-ஜீஈ எஞ்சினும் உடைந்த இரண்டு வால்வ் ஸ்பிரிங்கும்

காந்தத்தை விட்டு மூன்றாம் சிலிண்டரின் எக்ஸோஸ்ட் பக்கெட்டை, அதாவது வால்வ் ஸ்பிரிங்கை மூடி நிற்கும் கிண்ணத்தை, தூக்கியபோது, அதற்குக் கீழே இருந்த வெளி ஸ்பிரிங் இரண்டு துண்டாகக் கிடந்தது. பெட்டியிலிருந்து எடுத்துப் போட்டு முழுதாக ஒரு நாள்கூட ஓடாத ஸ்பிரிங். வண்டிக்குச் சொந்தக்காரப் பொடியன் பக்கத்தில் நின்றான், ஒன்றும் பேசவில்லை. நானும் பேசவில்லை. பேசினால் யார் பிழை என்ற கேள்வி வரும். அதில் எனக்கும் பங்கு இருக்கிறது என்பது அப்போதே மனதில் தட்டியது.

வண்டி ஒரு பழைய கேஈ70 கொரோலா. உள்ளே இருப்பது அதன் சொந்த எஞ்சின் அல்ல, 4ஏ-ஜீஈ. 1587 சிசி, 16 வால்வு, மேலே அவற்றைத் தள்ளித் திறக்கும் இரண்டு கேம் தண்டு. எண்பதுகளில் டொயோட்டா செய்த இந்த எஞ்சினை இங்கே இன்னும் தேடித் திரிகிறார்கள் என்றால் அதற்குக் காரணம் பாசம் மட்டும் இல்லை. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நின்றது. தனியார் வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் கதவு திறந்தது. இடையில் ஐந்து வருடம். இருப்பதைத் திருத்தி ஓடுவதைத் தவிர வேறு வழி இருக்கவில்லை. திருத்தத் தொடங்கினால் கை சும்மா இருக்காது, கொஞ்சம் கூட்டியும் பார்க்கும்.

பொடியனுக்கு அனுராதபுரம் சாலியபுரத்தில் நடக்கும் கஜபா சுப்பர் குரொஸ்ஸில் ஒரு தரமாவது ஓட வேண்டும் என்று ஆசை. வன்னியிலிருந்து பார்த்தால் அதுதான் கிட்டடி, வவுனியா தாண்டி மதவாச்சியால் இறங்கினால் வந்துவிடும். 2024 ஏப்ரல் 21இல் தியத்தலாவை பந்தயத்தில் கார் ஒன்று பார்வையாளர்களுக்குள் பாய்ந்து ஏழு பேர் இறந்த பிறகு அவனுடைய அம்மாவுக்கு இந்தக் கதையே பிடிக்காது. அது அவர்கள் வீட்டு வழக்கு. எங்களிடம் அவன் கேட்டது சிலிண்டருக்கு மேலே வால்வுகள் இருக்கும் ஹெட்டின் வேலை மட்டும்: லிஃப்ட் (வால்வைத் திறக்கும் அளவு) கூடிய புதுக் கேம் இரண்டு, அதற்கேற்ற, ஒன்றுக்குள் ஒன்று நிற்கும் இரட்டை ஸ்பிரிங் 16 சோடி, ஸ்பிரிங்கை மேலே பிடிக்கும் புது ரிட்டெய்னர். பிஸ்டனையும் ரிங்கையும் தொடவில்லை. கொம்ப்ரெஷன் நன்றாக இருந்தது.

சாமான் கொழும்பு வரை வந்து, அங்கிருந்து இரவு பஸ்ஸில் பார்சலாக வந்தது. ஸ்பிரிங் பெட்டிக்குள் ஒரு சின்ன அட்டை இருந்தது. பொருத்தும் உயரத்தில் (வால்வு மூடியிருக்கும்போது ஸ்பிரிங் நிற்கும் உயரம்) 31 கிலோ, 8.5 மிமீ லிஃப்ட்டில் 75 கிலோ. அட்டையின் பின்பக்கம் ஓட்டிப் பழக்கும் முறை நாலு வரியில் இருந்தது. அந்தப் பின்பக்கத்தை நான் வாசித்தது ஸ்பிரிங் உடைந்த பிறகுதான். இதை எழுத வெட்கம்தான், ஆனால் எழுதாவிட்டால் இந்த ஆய்வுக்கு அர்த்தம் இல்லை.

அந்த இரவு

ஹெட்டைப் பூட்டி முடிக்கப் பின்னேரம் ஆறு மணி தாண்டிவிட்டது. பொடியன் இரண்டு கூட்டாளிகளோடு வந்து நின்றான். ஸ்டார்ட் ஆனது. எஞ்சின் சூடாக முன்னமே, பத்து நிமிடத்துக்குள், அக்சிலேற்றரை மிதித்து நிமிடத்துக்கு 7000 சுற்று வரை ரேஸ் பண்ணினான். சத்தம் கேட்க ஆசை. நான் தடுக்கவில்லை, எனக்கும் கேட்க ஆசையாகத்தான் இருந்தது. பிறகு அப்படியே ஏ9 வீதியில் ஏறி மாங்குளம் வரை போய்த் திரும்பியிருக்கிறான். முறிகண்டியில் நிற்கவுமில்லை. வன்னியில் ஓடுகிற எந்த வாகனமும் முறிகண்டிப் பிள்ளையாரடியில் நின்றுதான் போகும். தேங்காய் உடைக்காதவன்கூடக் கச்சான் வாங்கவாவது நிற்பான். அடுத்த நாள் இதைக் கேட்ட அண்ணை சொன்னது: "பிள்ளையாருக்காக வேண்டாம், எஞ்சினுக்காகவாவது நிப்பாட்டியிருக்கலாம். பத்து நிமிசம் ஆறியிருக்கும்."

அண்ணை என்று நான் சொல்வது எங்கள் கராஜின் மூத்தவரை. தொண்ணூறுகளில், பொருளாதாரத் தடைக்காலத்தில், பெற்றோல் இல்லாமல் ஏ40 கார்களையும் மோட்டார் சைக்கிள்களையும் மண்ணெண்ணெயில் ஓட வைத்த கை. ஒரு சொட்டுப் பெற்றோலில் கிளப்பி, எஞ்சின் நன்றாகச் சூடான பிறகு மண்ணெண்ணெய்க்கு மாற்ற வேண்டும். அவசரப்பட்டால் வண்டி இருமிக்கொண்டு நிற்கும். சூடு என்பது காத்திருந்து வாங்க வேண்டிய சாமான் என்பதை அவர் அப்படித்தான் பழகியிருக்கிறார். அன்று பின்னேரம் அவர் கராஜில் இல்லை. இருந்திருந்தால் அந்த 7000 நடந்திருக்காது.

திரும்பி வரும் வழியில் எஞ்சின் தட்டத் தொடங்கியிருக்கிறது. 3500க்கு மேலே போனால் விக்கல். கீழே வந்தால் ஒன்றும் தெரியாது.

ஒரு நாள் வீணானது

இந்த இடத்தைக் கொஞ்சம் விரித்து எழுதுகிறேன், ஏனென்றால் நாங்கள் பிழையான பக்கம் போனது இங்கேதான்.

கூடிய வேகத்தில் மட்டும் விக்குகிற எஞ்சின் என்றால் முதலில் மின்சாரப் பக்கம்தான் சந்தேகம் போகும். பிளக், வயர், டிஸ்ரிபியூட்டர் மூடி எல்லாவற்றையும் மாற்றிப் பார்த்தோம். மாற்றமில்லை. பெற்றோல் பில்டர் மாற்றினோம். கொம்ப்ரெஷன் கேஜ் பிடித்தோம், நாலு சிலிண்டரும் ஒன்றுக்கொன்று கிட்டத்தட்டச் சமம். அதோடு வால்வுப் பக்கம் சுத்தம் என்று நான் முடிவு கட்டிவிட்டேன். அதுதான் பிழை.

இரட்டை ஸ்பிரிங்கில் வெளிச்சுருள் உடைந்தாலும் உள்சுருள் வால்வைப் பிடித்திருக்கும். வால்வு சிலிண்டருக்குள் விழாது. ஸ்டார்ட்டர் மோட்டார் சுற்றுகிற வேகத்துக்கு அந்த உள்சுருளின் பலம் தாராளம், வால்வு இறுக மூடும், கேஜும் நல்ல எண்ணைக் காட்டும். வேகம் கூடும்போதுதான் கதை மாறும். வால்வையும் பக்கெட்டையும் கேமின் முதுகிலேயே ஒட்டிப் பிடித்திருக்கத் தேவையான விசை, சுற்று வேகத்தின் வர்க்கத்தோடு ஏறும். 2000இலிருந்து 7000 என்றால் வேகம் மூன்றரை மடங்கு, ஆனால் தேவையான விசை 12 மடங்குக்கு மேல். உள்சுருள் தனியே அதைத் தாங்காது. வால்வு கேமை விட்டு மிதக்கும், மூட வேண்டிய நேரத்தில் மூடாது, மூடும்போதும் இருக்கையில் குதிக்கும்.

இந்த எஞ்சினில் இன்னொரு கெடுதியும் இருக்கிறது. 16 வால்வு 4ஏ-ஜீஈயில் ஷிம் (இடைவெளியைச் சரிப்படுத்தும் தகடு) பக்கெட்டுக்கு மேலே குந்தியிருக்கும். கேம் பெரிதாகி, வால்வும் மிதந்தால் அந்த ஷிம் தெறித்து வெளியே வரலாம். வந்தால் கேமும் போகும், ஹெட்டும் போகும். எங்களுக்கு அது நடக்கவில்லை. அதிர்ஷ்டம் என்று மட்டும் சொல்லலாம்.

கடைசியில் வழி காட்டியது வக்கியூம் கேஜ், எஞ்சின் காற்றை உறிஞ்சும் இழுவையை அளக்கும் ஊசிக் கருவி. அண்ணை வந்து, ஒரு வார்த்தை பேசாமல், இன்டேக் மனிஃபோல்டில் அதைச் செருகினார். ஐட்லிங்கில் ஊசி அமைதியாக நின்றது. வேகம் ஏற ஏற ஊசி நடுங்கியது; இன்னும் ஏற்ற, நடுக்கம் பெரிதானது. ஸ்பிரிங் தளர்ந்த எஞ்சினுக்கு இது பழைய அடையாளம். "ஊசி ஆடுது பார். கறன்ட் பிழை எண்டால் இப்பிடி ஆடாது. கேமைக் கழட்டு."

வால்வுக் கவரைத் திறந்து டோர்ச் அடித்துப் பார்த்தாலும் இதில் ஸ்பிரிங் தெரியாது, பக்கெட் மூடியிருக்கும். கேம் இரண்டையும் இறக்கித்தான் பார்க்க வேண்டும். இறக்கினோம். மூன்றாம் சிலிண்டர் எக்ஸோஸ்ட்டில் ஒன்று, இரண்டாம் சிலிண்டர் இன்டேக்கில் ஒன்று. இரண்டிலும் வெளிச்சுருள். இன்டேக் பக்கத்து ஸ்பிரிங் உடைந்த பிறகு ஒரு துண்டு மற்றத் துண்டுக்குள் திருகிக்கொண்டு போயிருந்தது. அதனால்தான் தட்டும் சத்தம் விட்டு விட்டு வந்திருக்கிறது.

உடைந்த முகம்

இரண்டு துண்டையும் துடைத்து, கைக்கண்ணாடி வைத்துப் பார்த்தோம். ஸ்பிரிங் கம்பி, ஸ்பிரிங் அமுங்கும்போது வளைவதில்லை, முறுகும். அதனால் உடையும்போது கம்பியின் குறுக்கே நேராக உடையாமல் சாய்வாக, 45 பாகையில் திருகி உடையும். இரண்டும் அப்படித்தான்.

மூன்றாம் சிலிண்டர் ஸ்பிரிங்கில் உடைவு தொடங்கிய இடம் தெளிவாகத் தெரிந்தது. கம்பியின் ஓரத்தில் நகம் தட்டுகிற அளவுக்கு ஒரு பளபளத்த கீறல். அங்கிருந்து ஒரு சின்ன மழமழப்பான பிறைவடிவம், அதற்கு அப்பால் சொரசொரப்பு. பிறை என்பது வெடிப்பு மெல்ல மெல்ல ஊர்ந்த பகுதி. சொரசொரப்பு என்பது கடைசியாக ஒரே அடியில் பிரிந்த பகுதி. கீறல் எதனுடையது? என்னுடைய திருப்புளியினுடையது. உள்சுருளும் வெளிச்சுருளும் ஒன்றுக்குள் ஒன்று இறுக்கமாகத்தான் வரும், அவை ஒன்றையொன்று உரசி அதிர்வைத் தணிப்பதற்காக. பூட்டும்போது ஒரு சோடி கோணலாக நின்றது. நான் திருப்புளியால் நெம்பினேன். எந்தச் சோடி என்று அன்று நான் குறித்துவைக்கவில்லை. பிறகு தெரிந்துவிட்டது.

வால்வ் ஸ்பிரிங்கில் ஒரு கீறல் அவ்வளவு பெரிய விஷயமா என்று கேட்டால், ஆம். இந்தக் கம்பி குரோம் சிலிக்கன் எஃகு. செய்யும்போது அதன் மேற்பரப்பில் சின்னச் சின்ன உருக்கு மணிகளை வேகமாக வீசி அடிக்கிறார்கள். அந்த அடியால் மேல்தோல் அமுக்கத்தில் இருக்கும். வெடிப்பு திறக்க முயன்றாலும் தோல் அதை மூடிப் பிடிக்கும். கீறல் என்பது அந்தத் தோலில் விழுந்த ஓட்டை. துருப் புள்ளி விழுந்தாலும் இதே கதைதான். முல்லைத்தீவுக் கடற்காற்று படும் இடங்களில் ஸ்பிரிங்கைப் பெட்டியிலிருந்து எடுத்து எண்ணெய் பூசாமல் ஒரு வாரம் மேசையில் விட்டால் போதும். எவ்வளவு தடவை அமுங்குகிறது என்றும் பாருங்கள். எஞ்சின் 4000இல் ஓடினால் கேம் அதில் பாதி, நிமிடத்துக்கு 2000. ஒரு மணி நேரத்தில் ஒரு ஸ்பிரிங் 1,20,000 தடவை அமுங்கி எழும்புகிறது.

சரி, ஒன்று என் கீறல். இரண்டாம் சிலிண்டர் ஸ்பிரிங்கில் கீறலே இல்லை. துரு இல்லை. சுற்றிச் சுற்றிப் பார்த்தும் வெளிக்காயம் ஒன்றும் அகப்படவில்லை. கம்பிக்குள்ளேயே ஏதாவது இருந்திருக்கலாம், அல்லது அந்த இரவின் சூடு. ஆய்வுக்கூடம் இல்லாமல் இதற்கு மேல் நான் தீர்ப்புச் சொல்ல மாட்டேன். ஆனால் மிச்சம் 14 சோடியும் சொன்ன சாட்சி ஒன்று இருக்கிறது.

நெல்லுத் தராசு

கிளிநொச்சியில் வால்வ் ஸ்பிரிங் அளக்கும் கருவி எங்களுக்குத் தெரிந்து எந்தக் கராஜிலும் இல்லை. அண்ணை பக்கத்து நெல்லுக்கடையில் மேடைத் தராசை இரவல் வாங்கி வந்தார், மின்னெண் காட்டும் வகை, 50 கிராம் வித்தியாசத்தையும் காட்டும். அதை நிலத்தில் நிற்கும் பெரிய ட்ரில் மெசினின் மேசையில் வைத்தோம். ட்ரில்லின் பிளக்கைக் கழற்றி, பிட் இருக்கும் இடத்தில் ஒரு தட்டையான உருக்குக் கட்டையைப் பூட்டினோம். ஸ்பிரிங் தராசில், கட்டை மேலே, கைபிடியை இழுத்தால் அமுங்கும். எத்தனை கிலோ என்று தராசு சொல்லும். கண்ணுக்குக் கண்ணாடி கட்டாயம், 70 கிலோவில் ஒரு ஸ்பிரிங் வழுகினால் எங்கே பாயும் என்று யாருக்கும் தெரியாது.

உயரத்தை வேனியரால் பிடிப்பது சரிவரவில்லை. இந்த ஸ்பிரிங் 8.5 மிமீக்கு 44 கிலோ ஏறுகிறது, அதாவது மிமீக்கு 5 கிலோவுக்குக் கொஞ்சம் மேல். 0.2 மிமீ பிழைத்தால் ஒரு கிலோ பிழைக்கும். லேத் கடையில் சொல்லி, ஸ்பிரிங்கைச் சுற்றி நிற்கிற அளவுக்கு ஒரு குழாய்த் துண்டைச் சரியாக 34.7 மிமீ உயரத்துக்குக் கடைந்து எடுத்தோம். எங்கள் ஹெட்டில் அளந்த பொருத்தும் உயரம் அதுதான். குழாயை விரலால் ஆட்டிக்கொண்டே அமுக்க வேண்டும். குழாய் இறுகத் தொடங்குகிற கணத்தில் எண்ணைப் பார்க்க வேண்டும். அதைத் தாண்டினால் குழாயின் மேல் விழும் பாரத்தையும் தராசு சேர்த்துச் சொல்லிவிடும். மூன்று தடவை அளந்து, நடு எண்ணை எடுத்தோம்.

14 சோடியும் 24 கிலோவுக்கும் 28 கிலோவுக்கும் இடையில். எக்ஸோஸ்ட் பக்கம் எல்லாம் குறைவுப் பக்கம், இன்டேக் கொஞ்சம் மேல். அட்டை சொன்னது 31.

புது ஸ்பிரிங் முதல் சூட்டில் கொஞ்சம் தளர்வது குறையில்லை. இது பலருக்கும் தெரியாது, எனக்கும் அரைகுறையாகத்தான் தெரிந்திருந்தது. கம்பியைச் சுருளாக்கும்போது அதற்குள் இறுக்கங்கள் சமமில்லாமல் தங்கிவிடும். செய்பவர்கள் ஸ்பிரிங்கை அளவுக்கு மேல் அமுக்கி எடுத்து அதில் பெரும்பங்கைத் தீர்த்துத்தான் அனுப்புகிறார்கள். மீதியைத் தீர்ப்பது எஞ்சினின் சூடு. பாரத்தோடு சூடேறும்போது, அதிகம் இழுபட்டிருக்கும் இடங்கள் சற்று விட்டுக்கொடுக்கும், மற்ற இடங்கள் பங்கெடுக்கும். ஆறும்போது அந்த நிலையில் உறைந்துவிடும். ஒரு முறை இப்படி அமர்ந்துவிட்டால், அதன் பிறகு கொடுமைப்படுத்தாதவரை அந்த எண் அப்படியே நிற்கும். கொஞ்சம் போகும், பிறகு நிற்கும். அதுதான் சரியான போக்கு.

சூடு எங்கிருந்து வருகிறது என்பதில்தான் பலர் பிழைவிடுகிறார்கள். ஹெட் சூடாவதால் மட்டும் அல்ல. கம்பி முறுகி நிமிர்வதாலேயே உள்ளுக்குள் சூடு பிறக்கிறது, உள்ளும் வெளியும் உரசுவதாலும் பிறக்கிறது. வேகம் கூடினால் ஸ்பிரிங் தன் பாட்டுக்கு அலை அடிக்கவும் தொடங்கும், சுருளுக்குள் அலை ஓடி, சில இடங்கள் கணக்கில் இல்லாத அளவு முறுகும். இதையெல்லாம் ஆற்றுவது மேலே தெறிக்கிற எண்ணெய் ஒன்றுதான். புது ஸ்பிரிங் போட்ட எஞ்சினைப் பத்து நிமிடத்தில் 7000க்கு ஏற்றும்போது எண்ணெய் இன்னும் சூடாகிப் பரவியிருக்காது, ஸ்பிரிங் மட்டும் காய்ந்து எரியும். அமைதியாக அமர வேண்டிய நேரத்தில் அளவுக்கு மேல் விட்டுக்கொடுத்துவிடும். போன பலம் திரும்பி வராது.

அண்ணை இதை இவ்வளவு நீட்டாமல் பொடியனுக்குச் சொன்னார்: "புது நாம்பனை முதல் நாளே சேத்துக்க இறக்குவியே? வெறும் நுகத்தை வைச்சு வளவுக்க நடத்தி, அடுத்த நாள் ஒழுங்கைக்க நடத்தி, பிறகுதான் பாரம். அது மாடு, இது இரும்பு. குணம் ஒண்டுதான்."

"ஐயா, இரும்புக்கும் அப்பிடியே?"

"இரும்புக்குத்தான் அப்பிடி. மாடு எண்டால் படுத்துக் காட்டும்."

நேர்மையாக ஒன்று சொல்ல வேண்டும். முதல் 16 சோடியையும் போட முன் நாங்கள் அளக்கவில்லை. எனவே எவ்வளவு இழந்தது என்று எனக்குத் தெரியாது. எவ்வளவு மிச்சம் என்பது மட்டும்தான் தெரியும். அட்டையின் 31ஐ நம்பினால் சராசரி ஐந்து கிலோவுக்குக் கிட்ட. அட்டையே பிழையாக இருந்திருந்தால் இந்த வாதம் முழுவதும் ஆட்டம் காணும். இரண்டாம் முறை அளந்தது அதற்காகவும்தான்.

16ஐயும் மாற்றுவதா?

பொடியன் உடைந்த இரண்டை மட்டும் மாற்றச் சொன்னான். நான் மறுத்தேன். 24 கிலோவில் நிற்கும் எக்ஸோஸ்ட் ஸ்பிரிங்கின் கீழே ஷிம் வைத்து எண்ணைத் தூக்கலாம், 0.5 மிமீ ஷிம் 2.6 கிலோ தரும். ஆனால் அது எண்ணைத்தான் திருத்தும், கம்பியைத் திருத்தாது. ஷிம் வைத்த அளவுக்கு முழு லிஃப்ட்டில் சுருள்கள் ஒன்றையொன்று தொட இருக்கும் இடைவெளியும் குறையும். எங்களுக்கு இருந்ததே 1.9 மிமீ. பாதி எஞ்சினுக்கு ஒரு குணம், பாதிக்கு இன்னொரு குணம் என்று விட எனக்கு மனமில்லை. கூலியை நான் எடுக்கவில்லை, சாமான் காசை அவன் கொடுத்தான். விற்றவரிடம் போய்க் கேட்கவில்லை. என் திருப்புளிக் கீறலை வைத்துக்கொண்டு எந்த முகத்தோடு கேட்பது?

இரண்டாம் முறை

புதுச் சோடிகள் வந்ததும் முதல் வேலை அளப்பது. 16இலும் 30.6இலிருந்து 31.5 வரை. அட்டை உண்மைதான் சொல்லியிருக்கிறது. ஒவ்வொரு சோடிக்கும் பென்சிலால் எண் எழுதிப் பெட்டியின் மூடியில் குறித்தோம். பிறகு எஞ்சின் ஓயிலில் ஒரு இரவு ஊறவிட்டோம். பூட்டும்போது திருப்புளி மேசையிலேயே இல்லை, கையாலும் மூங்கில் குச்சியாலும்தான். ஹெட் அலுமினியம் என்பதால் அடியில் உருக்கு இருக்கை வளையம் சரியாகக் குந்தியிருக்கிறதா என்று ஒவ்வொன்றாகப் பார்த்தோம்.

இங்கே ஒரு இடைக்கதை. முதல் முறை எங்களுக்கு இன்னொரு முரண்பாடும் இருந்தது, அதை நான் கவனிக்கவேயில்லை. அன்று கேமும் புது. புதுக் கேமுக்கும் பக்கெட்டுக்கும் தொடக்கத்திலேயே 2000 அளவில் இருபது நிமிடம் போல ஓட வேண்டும், எண்ணெய் நன்றாகத் தெறித்து முகங்கள் ஒன்றுக்கொன்று பழக. புது ஸ்பிரிங் கேட்பதோ, சூடானதும் நிறுத்து, ஆறவிடு என்று. புது ரிங்கும் போட்டிருந்தால் மூன்றாவது வழக்கு: ரிங் அமர ஆரம்பத்திலேயே கொஞ்சம் பாரம் வேண்டும், வெறுமனே ஐட்லிங்கில் விட்டால் சிலிண்டர் சுவர் கண்ணாடி போல வழுவழுப்பாகிவிடும். மூன்றையும் ஒரே ஓட்டத்தில் திருப்திப்படுத்த முடியாது. பழைய தள்ளுகோல் எஞ்சின்களில், அண்ணை சொல்கிறபடி, உள்சுருளைக் கழற்றிவிட்டு வெளிச்சுருளோடு மட்டும் கேமைப் பழக்கிவிட்டு, பிறகு உள்சுருளைப் போட்டு ஸ்பிரிங்கைப் பழக்குவார்கள். பாரம் குறைந்தால் கேமும் தப்பும். எங்கள் ஹெட்டில் அதற்குக் கேம் இரண்டையும் மறுபடி இறக்க வேண்டும், அரை நாள் வேலை. முதல் முறை செய்திருக்க வேண்டியது அதுதான். இரண்டாம் முறை கேம் ஏற்கெனவே ஓடியிருந்ததால் அந்த வழக்கு இல்லை. அந்த இரவால் கிடைத்த ஒரே இலாபம்.

கேம் மேடுகளிலும் ஸ்பிரிங்குகளிலும் ஓயில் ஊற்றினோம். டப்பட் இடைவெளியை (கேமுக்கும் பக்கெட்டின் ஷிம்முக்கும் நடுவில் விடுவது) எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது வைத்தோம்: இன்டேக் 0.15 முதல் 0.25, எக்ஸோஸ்ட் 0.20 முதல் 0.30 மிமீக்குள். கேம் கடையின் அட்டையும் அதே எல்லையைத்தான் சொல்லியிருந்தது. பிளக்கைக் கழற்றி, ஓயில் லைட் அணையும்வரை ஸ்டார்ட்டரால் சுற்றினோம். பிறகுதான் ஸ்டார்ட்.

முதல் ஓட்டம் காலையில், வெயில் ஏற முன். 1500க்கும் 2000க்கும் நடுவில், ஒரே சீராக, ரேஸ் பண்ணாமல். தெர்மோஸ்டாட் 82 பாகையில் திறக்கும். மேல் குழாய் சூடாகி, பிறகு இன்னும் சில நிமிடம், நிறுத்தம். பொடியன் பொனட்டைத் திறந்து காற்றாடி வைக்கட்டுமா என்று கேட்டான். வேண்டாம் என்றோம். தானாக ஆற வேண்டும். புத்தகங்கள் அறை வெப்பம்வரை என்று சொல்லும். எங்கள் அறை வெப்பம் பகலில் 34, 35. ஆறு மணி நேரம் கழித்தும் ஹெட்டில் கை வைத்தால் இளஞ்சூடு இருந்தது. அதனால் ஒரு நாளைக்கு ஒரு ஓட்டம் என்று வைத்தோம், இரவு முழுவதும் ஆறட்டும்.

இரண்டாம் நாள் அதே போல, இறுதியில் 2500 வரை. மூன்றாம் நாள் வீதியில். அண்ணை ஆர்பிஎம் மீற்றரில் 3500க்கு மேல் ஒரு சிவப்பு ரேப் ஒட்டிவிட்டார். முறிகண்டிவரை போவது, நிறுத்துவது, கச்சான் வாங்குவது, திரும்பி வருவது. பொடியனுக்கு அழுகை வராத குறை. "ஐயா, சைக்கிள்காரன் முந்துறான்." "முந்தட்டும். அவன்ர ஸ்பிரிங் பழகினது."

நான்காம் நாள் கேமை மறுபடி இறக்கினோம். 16ஐயும் இல்லை, நாலை மட்டும்: இரண்டு எக்ஸோஸ்ட், இரண்டு இன்டேக். ஹெட்டைக் கழற்றாமல் ஸ்பிரிங்கை எடுக்கப் பிளக் துளையால் நைலோன் கயிற்றைச் சிலிண்டருக்குள் விட்டு, கிராங்கைக் கையால் சுற்றி, கயிறு வால்வைக் கீழிருந்து தாங்கும்படி வைத்தோம். தும்புக் கயிறு கூடாது, நார் உள்ளே உதிரும். கயிற்றின் ஒரு முனை வெளியே நிற்க வேண்டும் என்று சொல்லத் தேவையில்லை என்று நினைக்கிறேன், ஆனாலும் சொல்லிவைக்கிறேன். பக்கெட் குழிக்குள் ஸ்பிரிங்கை அமுக்க, பக்கத்தில் சாளரம் வெட்டிய ஒரு குழாயை லேத் கடையில் செய்வித்தோம். அந்தச் சாளரத்தால்தான் ரிட்டெய்னரை வால்வோடு பூட்டும் சின்னக் கொட்டர்களை எடுத்தோம்.

நாலின் எண்: 29.4, 29.1, 28.9, 28.7. ஒவ்வொன்றும் தன் பழைய எண்ணிலிருந்து இரண்டு கிலோவுக்குக் கிட்டக் குறைந்திருந்தது. எக்ஸோஸ்ட், இன்டேக் வித்தியாசம் கிட்டத்தட்ட இல்லை. அதுதான் எனக்கு முக்கியமாகப் பட்டது. முதல் தொகுதியில் இரண்டு பக்கமும் பிரிந்து நின்றன, இதில் ஒன்றாக அமர்ந்திருந்தன. 16ஐயும் அளந்திருந்தால் இன்னும் உறுதியாகச் சொல்லலாம்தான். ஆனால் பழக்கிய ஸ்பிரிங்குகளைத் திரும்பத் திரும்பக் கழற்றிப் பூட்டுவதும் நல்லதில்லை.

பூட்டினோம், சிவப்பு ரேப்பைக் கழற்றினோம். ஆயிரம் கிலோமீற்றர் கழித்து, 7000 பல தடவை பார்த்த பிறகு, அதே நாலில் இரண்டை மறுபடி அளந்தோம். 29.1ஆக இருந்தது 29.0. 28.7ஆக இருந்தது 28.7. வக்கியூம் ஊசி எந்த வேகத்திலும் ஆடவில்லை.

தராசைத் திருப்பிக் கொடுக்கப் போனபோது நெல்லுக்கடைக்காரர் தட்டைத் தடவிப் பார்த்தார். விரலில் ஓயில் ஒட்டியது. "இதில என்னத்தை நிறுத்தனியள்?" என்று கேட்டார். அண்ணை, "நாம்பன்" என்று சொல்லிவிட்டு நடந்தார். அடுத்த நாள் காலையில் நான் போய்ச் சவர்க்காரம் போட்டுக் கழுவிக் கொடுத்தேன்.